முப்பத்தெட்டாவது விதி

என் பெரியப்பா திருகோணமலைத் திருக்கடலூரில் கரைவலை மண்டாடியாக இருந்தவர். கரையில் நின்று இரண்டு கயிற்றால் இழுக்கும் அந்த வலை முதலாளியுடையது. அதை எப்போது கடலில் இறக்குவது, எந்தப் பக்கம் வளைப்பது, எப்போது இழுக்கத் தொடங்குவது என்பதெல்லாம் மண்டாடியின் வாய்ச்சொல். இரண்டு கயிற்றிலும் நிற்கிற அத்தனை பேரின் அன்றைய உழைப்பும் அந்த ஒரு சொல்லில் தொங்கும்.

பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படித்த காலத்தில், அவரை அப்படியே கணினிக்குள் போட்டுவிடலாம் என்று நான் நினைத்தேன். காற்று எந்தப் பக்கம், நீரோட்டம் வடக்கேயா தெற்கேயா, தண்ணீர் தெளிவா கலங்கலா, பறவைகள் எங்கே விழுகின்றன என்று நாலைந்து விபரம் கொடுத்தால் "வலை போடலாம்" அல்லது "வேண்டாம்" என்று சொல்லும் ஒரு நிரல். மூன்று மாதம் கொப்பியும் பேனையுமாக அவர் பின்னால் அலைந்து 37 விதிகள் சேர்த்தேன். ஒரு சித்திரை மாத விடியலில் மடிக்கணினியோடு கரைக்குப் போனேன். விபரங்களைத் தட்டினேன். "போடலாம்" என்றது நிரல். பெரியப்பா கடலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "இண்டைக்கு வேண்டாம்" என்றார்.

"ஏன் பெரியப்பா?"

"தண்ணி கனமாக் கிடக்கு தம்பி."

என் 37 விதிகளில் கனம் என்ற சொல்லே இல்லை.

நான் செய்ய முயன்றதற்கு அறிவுசார் முறைமை என்று பெயர். செயற்கை நுண்ணறிவு என்றால் இன்றைக்கு எல்லோருக்கும் நினைவு வருவது கேட்டதற்குப் பதில் எழுதித் தரும் அரட்டைச் செயலிகள்தான். அவை வருவதற்கு அரை நூற்றாண்டு முன்னரே, மனித நிபுணர் ஒருவரின் அறிவை வரிவரியாக எழுதிக் கணினிக்குக் கொடுத்தால் அது நிபுணரைப் போல முடிவு சொல்லும் என்ற நம்பிக்கையில் ஒரு பெரிய துறையே வளர்ந்து, பணம் கொழித்து, பிறகு சரிந்தது. சரிந்த கதையைத்தான் பலர் சொல்வார்கள். எனக்கு அதைவிட, அது எந்த இடத்தில் முட்டி நின்றது என்பதுதான் சுவாரசியம். ஏனென்றால் அதே இடத்தில்தான் நானும் ஒரு விடியற்காலையில் முட்டிக்கொண்டேன்.

சாதாரண நிரலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மின்சாரக் கட்டணம் போடும் ஒரு நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை அலகு வரை என்ன விலை என்ற விபரம் நிரலின் வரிகளுக்குள் கலந்து கிடக்கும், தேத்தண்ணியில் சீனி கரைந்து கிடப்பது போல. கட்டணம் மாறினால் நிரலாளரைத்தான் கூப்பிட வேண்டும். அறிவுசார் முறைமையில் சீனி தனிப் போத்தலில் இருக்கும். ஒரு பக்கம் அறிவுத் தளம்: "இப்படி இருந்தால் இப்படி" என்ற வடிவில் எழுதிய விதிகளும், உலகத்தைப் பற்றிய தகவல்களும். மறு பக்கம் அனுமானப் பொறி: அந்த விதிகளை ஒன்றோடு ஒன்று கோத்து முடிவுக்கு வரும் இயந்திரம். பொறிக்கு மீனும் தெரியாது, காய்ச்சலும் தெரியாது. விதிகளை மாற்றிப் போட்டால் அதே பொறி வேறொரு நிபுணராகிவிடும்.

இந்தப் பிரிப்பு ஒரு தோல்விக்குப் பின்னால் வந்தது. 1950களின் இறுதியில் அலன் நியூவெல், ஹெர்பர்ட் சைமன், கிளிஃப் ஷா மூவரும் எந்தச் சிக்கலையும் தீர்க்கக்கூடிய ஒரே பொது நிரலைக் கட்ட முயன்றார்கள். புதிர்களுக்கு அது நன்றாக வேலை செய்தது. வெளியுலகச் சிக்கல்களில் தேட வேண்டிய வழிகள் கோடிக்கணக்காகப் பெருக, மூச்சு முட்டி நின்றது. 1965இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஃபைகன்பாம், நோபெல் பரிசு பெற்ற மரபியலாளர் ஜோஷுவா லெடர்பெர்க் ஆகியோர் வேறு வழியில் போனார்கள். ஒரு வேதிப் பொருளை உடைத்துத் துண்டுகளின் நிறையை அளக்கும் கருவி தரும் எண்களைப் பார்த்து, அந்த மூலக்கூறின் அமைப்பு இதுதான் என்று சொல்லும் வேலை. டென்ட்ரல் என்று பெயர். இங்கே நிரலின் கெட்டித்தனம் அதிகம் உதவவில்லை. அனுபவமுள்ள வேதியியலாளர் "இந்த எண்ணும் அந்த எண்ணும் சேர்ந்து வந்தால் இது கீட்டோன்" என்று சொல்வாரே, அந்தச் சின்னச் சின்ன நுணுக்கங்களைச் சேர்க்கச் சேர்க்கத்தான் அது தேறியது. யோசிக்கும் திறனைவிட அறிந்து வைத்திருப்பது பெரிது என்ற பாடத்தை ஃபைகன்பாம் அதிலிருந்து எடுத்தார். மண்டாடிக்கு அது எப்போதோ தெரியும். சரி, அதைக் கணினியில் நிரூபித்தது அவர்கள்.

விதிகள் எப்படிக் கோத்துக்கொள்கின்றன என்பதை எங்கள் ஊரிலேயே ஒன்றை வைத்துப் பார்க்கலாம். தம்பலகாமத்தில் அறுவடைக் காலத்தில் பாம்புக்கடி புதிதல்ல. ஆஸ்பத்திரிக்கு வருகிறவரைப் பார்க்கும் வைத்தியர் மனதில் ஏறத்தாழ இப்படிச் சில விதிகள் ஓடும். இரவில் நிலத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தவர், கடிவாயில் வீக்கமும் வலியும் பெரிதாக இல்லை, ஆனால் வயிறு வலிக்கிறது என்றால் கட்டுவிரியனைச் சந்தேகி. வயலில் கடிபட்டார், கடிவாய் வீங்கிவிட்டது, குருதி உறையவில்லை என்றால் கண்ணாடி விரியனைச் சந்தேகி. குருதி உறைகிறதா என்று அறிய, சிறிது குருதியைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார். இமை தொங்கத் தொடங்கினால் நஞ்சு நரம்பைப் பிடித்துவிட்டது.

இவற்றை இரண்டு விதமாக ஓட்டலாம். கையில் இருக்கும் விபரங்களிலிருந்து தொடங்கி, எந்த விதி பொருந்துகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு முடிவை நோக்கிப் போவது முன்னோக்கிய கோவை. "கண்ணாடி விரியனாக இருக்குமோ?" என்று ஒரு முடிவைச் சந்தேகித்துவிட்டு, அது உண்மையானால் என்னென்ன இருக்க வேண்டும் என்று பின்னால் வருவது பின்னோக்கிய கோவை. இரண்டாவதில் ஒரு வசதி இருக்கிறது. தேவையான கேள்வியை மட்டும் கேட்கும். கண்ணாடி விரியன் என்ற சந்தேகம் எழுந்தால்தான் குருதியைக் குழாயில் விடச் சொல்லும்; இல்லாவிட்டால் அந்தப் பேச்சே இல்லை. நல்ல வைத்தியரும் அப்படித்தானே, வருகிற எல்லோரிடமும் எல்லாவற்றையும் கேட்பதில்லை.

இனிச் சிக்கலுக்கு வருவோம். "குருதி உறையவில்லை என்றால் நஞ்சுமுறி மருந்து கொடு" என்று ஒருவர் விதி எழுதுகிறார் என்று வையுங்கள். இலங்கைக்கு இந்தியாவிலிருந்து வரும் நஞ்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் நஞ்சுக்கு எதிராகத் தயாராவது. ஆனால் மூக்கு நுனி மேலே தூக்கியிருக்கும் சின்ன விரியன் ஒன்று இங்கே இருக்கிறது. சிங்களத்தில் குணகட்டுவா என்பார்கள். அதன் கடியாலும் சிலருக்குக் குருதி உறையாமல் போகும். அந்த மருந்தோ அதன் நஞ்சை முறிக்காது. அதற்கு மேல், மருந்தே ஒவ்வாமையைக் கொண்டு வரக்கூடும். இந்தியாவின் பல மாநிலங்களில் பெரிய குறை தெரியாமல் ஓடக்கூடிய ஒரு விதி, பாக்குநீரிணையைத் தாண்டியதும் பிழைக்கிறது. அறிவுக்கும் ஊர் உண்டு. (இதையெல்லாம் வாசித்துவிட்டு யாரும் வீட்டில் குருதியைக் குழாயில் விட்டுப் பார்க்க வேண்டாம். பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.)

பெயர்ச் சிக்கல் வேறு. கண்ணாடி விரியனைச் சிலர் கண்ணாடிப் புடையன் என்பார்கள், சிலர் முத்திரைப் புடையன் என்பார்கள். மனிதருக்கு மூன்றும் ஒரு பாம்பு. கணினிக்கு அவை மூன்று வெவ்வேறு எழுத்துச் சரங்கள். ஒன்றுதான் என்று யாராவது எழுதி வைக்க வேண்டும். இதன் மறுபக்கம் கச்சான். என் நிரலில் கச்சான் என்றால் மேற்கே இருந்து வரும் வரண்ட காற்று. கடற்கரையில் கடதாசிச் சரையில் வாங்கித் தின்கிறோமே, அந்த நிலக்கடலையும் கச்சான்தான். எது எது, எது எதன் வகை, எதற்கு எதனோடு என்ன உறவு என்று சொற்களுக்குப் பின்னால் இருக்கும் பொருள்களை ஒழுங்குபடுத்துவதே அறிவுத் தளத்தின் பாதி வேலை. மார்வின் மின்ஸ்கி 1974இல் முன்வைத்த சட்டகம் என்ற யோசனை இதற்குப் பயன்பட்டது. பாம்பு என்ற சட்டகத்தில் நீளம், நிறம், நஞ்சின் வகை, நடமாடும் நேரம் என்று வெற்றுக் கட்டங்கள் இருக்கும். விரியன் என்பது அதன் கீழ் வரும் சட்டகம். மேலே உள்ளதெல்லாம் அதற்குத் தானாக இறங்கும். வேறு விபரம் தராதவரை வழக்கமானது எதுவோ அதை எடுத்துக்கொள்ளும்.

இந்தத் துறையின் புகழ்பெற்ற பிள்ளை மைசின். 1970களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் கட்டியது. குருதியிலும் மூளை உறையிலும் தொற்றும் பக்டீரியாக்களை ஊகித்து, எந்த நுண்ணுயிர்க்கொல்லி, எவ்வளவு என்று சொல்வது அதன் வேலை. சில நூறு விதிகள், பின்னோக்கிய கோவை. அதன் விதிகளில் ஒன்று இந்த மாதிரி: கிருமி கிராம் சாயத்தை ஏற்கவில்லை, வடிவம் கோல், ஒட்சிசன் இல்லாத இடத்தில் வளர்கிறது என்றால், அது பாக்டீராய்டிஸ் என்பதற்கு 0.6 அளவுக்குச் சான்று உண்டு.

அந்த 0.6ஐக் கவனியுங்கள். மருத்துவத்தில் "இருந்தால் இது" என்று அடித்துச் சொல்ல முடியாது. "பெரும்பாலும்", "இருக்கலாம்" என்பவைதான் வைத்தியரின் அன்றாடச் சொற்கள். மைசின் அவற்றுக்கு -1 முதல் +1 வரை ஓர் எண் கொடுத்தது. நிச்சயக் காரணி என்று அதைச் சொல்லலாம். ஒரே முடிவை இரண்டு விதிகள் ஆதரித்தால் எண்களை வெறுமனே கூட்டுவதில்லை. ஒரு விதி 0.6 தருகிறது, இன்னொன்று 0.5 தருகிறது என்றால், முதல் விதி விட்டுவைத்த 0.4 சந்தேகத்தில் பாதியை இரண்டாவது எடுத்துக்கொள்ளும். 0.6உம் 0.2உம், ஆக 0.8. எத்தனை சான்று வந்தாலும் 1ஐத் தாண்டாது. நிகழ்தகவுக் கணிதம் தெரிந்தவர்கள் இதில் ஓட்டைகள் கண்டுபிடித்தார்கள், அது நியாயமும்தான். ஆனாலும் ஒரு வைத்தியரிடம் "இதை எவ்வளவு நம்புகிறீர்கள்?" என்று கேட்டு எண்ணாக எழுதிக்கொள்ள அப்போது கைக்கு எட்டிய வழி இதுதான்.

மைசினிடம் எனக்குப் பிடித்தது வேறொன்று. அது ஒரு கேள்வி கேட்கும்போது "ஏன் கேட்கிறாய்?" என்று திருப்பிக் கேட்கலாம். "இந்தக் கிருமி இன்னதா என்று பார்க்கிறேன், இன்ன விதிப்படி அதற்கு இது தெரிய வேண்டும்" என்று பதில் வரும். முடிவு சொன்ன பிறகு "எப்படி வந்தாய்?" என்றால் எந்தெந்த விதி வழியாக வந்தது என்று வரிசையாகக் காட்டும். பதில் பிழையாக இருந்தால், எந்த விதி பிழை என்று விரலால் தொட்டுச் சொல்லலாம். ஐம்பது வருடம் கழித்து இன்றைய பெரிய இயந்திரங்களிடம் நாம் கெஞ்சிக்கொண்டு நிற்பது இதற்காகத்தான்.

அது கெட்டிக்காரனாகவும் இருந்தது. 1979இல் வெளியான ஒரு மதிப்பீட்டில், மூளை உறை அழற்சி நோயாளிகள் 10 பேருக்கு மைசினும் ஸ்டான்ஃபோர்ட் மருத்துவர்களும் தந்த சிகிச்சைப் பரிந்துரைகளை, யார் தந்தது என்று தெரியாமல் 8 நிபுணர்கள் மதிப்பிட்டார்கள். மைசினுக்கு 65 சதவீதம். பல்கலைக்கழக மருத்துவர்களில் யாரும் 62.5ஐத் தாண்டவில்லை. அப்படியிருந்தும் ஒரு ஆஸ்பத்திரியிலும் அது அன்றாடப் பாவனைக்கு வரவில்லை. கட்டிலோரத்தில் கணினி இல்லாத காலம் அது. ஒரு நோயாளியின் விபரங்களைத் தட்டி முடிக்க அரை மணித்தியாலம் போய்விடும். பிழை நேர்ந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கும் யாரிடமும் பதில் இல்லை. மைசினிலிருந்து மருத்துவ விதிகளை உருவி எடுத்துவிட்டு மிச்சமிருந்த பொறியை வெற்று ஓடாக வைத்து, வேறு துறை விதிகளை இட்டு நிரப்பினார்கள். போத்தலையும் சீனியையும் பிரித்து வைத்ததன் பலன் அது.

காசு வந்தது வேறு இடத்தில். டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற அமெரிக்க நிறுவனம் வாக்ஸ் கணினிகளை விற்றது. வாடிக்கையாளர் கேட்ட பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்துமா, எந்தக் கம்பி குறைகிறது, எந்தப் பெட்டியில் எது போகும் என்று பார்ப்பதே பெரிய தலைவலி. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஜோன் மெக்டெர்மட் அதற்காக எழுதிய முறைமை எக்ஸ்கான். 1980இல் ஏறத்தாழ 750 விதிகளோடு வேலைக்கு வந்து, நிறுவனத்துக்கு ஆண்டுக்குக் கோடிக்கணக்கான டொலர் மிச்சம் பிடித்துக் கொடுத்தது என்று பேசப்பட்டது. அதைப் பார்த்து எல்லா நிறுவனமும் ஆளுக்கொரு நிபுணர் முறைமை கட்டப் புறப்பட்டன. ஜப்பான் 1982இல் ஐந்தாம் தலைமுறைக் கணினித் திட்டம் என்று பத்தாண்டுத் திட்டமே போட்டது.

எக்ஸ்கானின் விதிகள் பல ஆயிரமாகப் பெருகின. புதிய பாகம் சந்தைக்கு வரும்போதெல்லாம் பழைய விதிகளைத் திருத்த வேண்டும். ஒன்றைத் திருத்தினால் எங்கோ மூலையில் இன்னொன்று முரண்டு பிடிக்கும். எந்த விதி எந்த விதியைத் தொடுகிறது என்று முழுதாக அறிந்தவர் யாரும் இல்லை என்ற நிலை வந்தது. நிபுணரின் வேலையைக் குறைக்க வந்த முறைமையைப் பராமரிக்கவே தனி நிபுணர் படை தேவைப்பட்டது. 1987இல் இத்தகைய நிரல்களுக்கென்றே செய்த லிஸ்ப் இயந்திரங்களின் சந்தை விழுந்தது. ஆர்வம் வடிந்தது, நிதி நின்றது. டக்ளஸ் லெனட் மட்டும் 1984இல் தொடங்கிய சைக் திட்டத்தைக் கைவிடவில்லை. தண்ணீரில் விழுந்தால் நனையும், செத்தவர் கடைக்குப் போகமாட்டார் என்பது போன்ற பொது அறிவை ஒவ்வொன்றாக எழுதிச் சேர்க்கும் வேலை. 2023இல் அவர் இறக்கும்வரை அது முடியவில்லை. முடியக்கூடிய வேலையாகவும் எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் இந்த முறைமைகள் செத்துவிட்டன என்று நினைத்தால் பிழை. பெயரை மாற்றிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டன. வங்கியில் கடன் விண்ணப்பத்தைச் சல்லடை போடுவது, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வோர்பரின் எடுக்கும் நோயாளிக்கு அஸ்பிரினும் எழுதினால் திரையில் சிவப்பாக எச்சரிப்பது எல்லாம் விதிகள்தான். (எச்சரிக்கை அளவுக்கு மிஞ்சினால் வைத்தியர்கள் வாசிக்காமலே மூடிவிடுகிறார்கள் என்பது அதன் புதிய நோய்.) 2012இல் கூகுள் தேடலில் அறிமுகமான அறிவு வரைபடம், நாட்டுக்கு எது தலைநகர், யாருக்கு யார் தந்தை என்று பொருள்களையும் உறவுகளையும் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. பழைய சட்டகங்களின் பேரப்பிள்ளை என்று அதைச் சொல்லலாம்.

எங்களுக்கு மிக நெருக்கமான விதி ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அருகே நிலம் நடுங்கியதற்கும் கிழக்குக் கரையில் கடல் ஏறியதற்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் இருந்தது. அந்த நேரத்தில் எங்களுக்குச் சொல்ல ஒரு ஏற்பாடும் இல்லை. இன்றைக்கு இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா மூன்று நாடுகளின் நிலையங்கள் இந்து சமுத்திரத்துக்கு எச்சரிக்கைச் செய்தி அனுப்புகின்றன. முதல் சில நிமிடங்களில் முடிவு வருவது பெரும்பாலும் எளிய விதிகளால்: நடுக்கம் கடலுக்கு அடியிலா, எவ்வளவு ஆழம், என்ன அளவு.

2012 ஏப்ரல் 11 பிற்பகல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நடுங்கியது. விதி பொருந்தியது, எச்சரிக்கை வந்தது. எங்கள் தெருவே பிள்ளைகளையும் அடையாள அட்டைகளையும் தூக்கிக்கொண்டு கன்னியாப் பக்கம் ஓடியது. கடல் வரவில்லை. அந்த நடுக்கத்தில் கடலடித் தரை பக்கவாட்டில் உரசி நகர்ந்திருந்தது. 2004இல் நடந்தது போலத் தரை மேலெழும்பித் தண்ணீரைத் தூக்கவில்லை. தரை எந்தப் பக்கம் அசைந்தது என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரியும். ஓடுவதா என்று முடிவெடுக்க அவ்வளவு நேரம் கிடையாது. ஆகவே விதி பிழைத்தது என்று சொல்லமாட்டேன். தெரிந்ததை மட்டும் வைத்து, வீணாக ஓடினாலும் பரவாயில்லை என்ற பக்கம் சாய்த்து எழுதிய விதி அது. அப்படி எழுதியது ஏன் என்று யாரும் கேட்கலாம், பதிலும் உண்டு. கன்னியாவில் வீதியோரம் இருந்து இரவு பத்து மணிக்குத் திரும்பி வந்தபோது யாருக்கும் அதில் பெரிய கோபம் இருக்கவில்லை.

அரட்டைச் செயலிகளை இயக்கும் இன்றைய மொழி மாதிரிகள் இதற்கு நேர் எதிர்ப்பக்கம். யாரும் விதி எழுதிக் கொடுப்பதில்லை. மலைமலையாக எழுத்தைப் படித்து, அடுத்து எந்தச் சொல் வரும் என்று பழகிப் பழகிக் கோடிக்கணக்கான எண்களுக்குள் எதையோ சேர்த்து வைத்திருக்கின்றன. சீனி மறுபடியும் தேத்தண்ணியில் கரைந்துவிட்டது, இம்முறை முன்பைவிட நன்றாக. ஏன் இப்படிச் சொன்னாய் என்று கேட்டால் அழகாக ஒரு காரணம் எழுதித் தரும். ஆனால் உள்ளே உண்மையில் அந்த வழியாகத்தான் வந்ததா என்பதற்கு அந்தக் காரணம் சாட்சி ஆகாது. இதனால் பழையதையும் புதியதையும் சேர்த்துக் கட்டும் முயற்சிகள் பெருகுகின்றன. 2024 தொடக்கத்தில் வெளிவந்த அல்ஃபாஜியோமெட்ரி என்ற நிரலில் மொழி மாதிரி "இங்கே ஒரு கோடு போட்டுப் பார்" என்று யோசனை சொல்லும். விதிகளால் இயங்கும் பழைய பாணிப் பொறி அதை வைத்துப் படிப்படியாக நிறுவும். கணித ஒலிம்பியாட் வடிவியல் கணக்குகள் 30இல் 25ஐத் தீர்த்தது. ஒருவர் ஊகிக்க, ஒருவர் கண்டிப்பாகச் சரிபார்க்கும் ஏற்பாடு. நிறுவனங்கள் தங்கள் ஆவணங்களைத் தேடி எடுத்து மாதிரியின் முன் வைத்து, இதற்குள் இருந்து மட்டும் பதில் சொல் என்று கட்டிப்போடுவதும் ஒரு விதத்தில் அதே எண்ணம்தான்.

எழுத்தைப் படித்து வளரும் இயந்திரத்துக்கு, எழுதாத அறிவு எட்டாது. அண்மையில் ஒன்றிடம் கச்சான் காலத்தில் கரைவலை பற்றிக் கேட்டேன். நிலக்கடலையில் தொடங்கித் தயக்கமே இல்லாமல் ஒரு பந்தி எழுதியது. பெரியப்பா அதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். அவருடைய கடல் எந்தப் புத்தகத்திலும் இல்லை. என்னிடம் இருந்ததோ ஒரு கொப்பியும் 37 விதிகளும்தான்.

அந்தத் துறையில் இந்த இடத்துக்கு ஒரு பெயரே உண்டு: அறிவைப் பெறும் ஒடுங்கிய வழி. போத்தலின் கழுத்து மாதிரி. பொறி வேகமாக ஓடும், நினைவகம் வேண்டிய அளவு வாங்கலாம், ஆனால் நிபுணரின் தலையிலிருந்து அறிவு சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். நிபுணர் மறைக்கிறார் என்பதல்ல. பழகப் பழகப் படிகள் அவருக்கே மறந்துவிடுகின்றன. சைக்கிள் ஓடுகிறவரிடம் எந்தப் பக்கம் சாயும்போது கைபிடியை எந்தப் பக்கம் திருப்புகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றைச் சொல்லிவிட்டு இன்னொன்றைச் செய்வார். கேட்டால் நிபுணர் பாடப்புத்தக விதியைச் சொல்வார். தன் கைப்பழக்கத்தைச் சொல்லத் தெரியாது. பெரியப்பாவும் எனக்குச் சொன்ன 37இல் பாதி, அவர் தன் தகப்பனிடம் கேட்ட வாய்ப்பாடுகள்தான் என்று பிறகு புரிந்தது.

கனம் என்றால் என்ன என்று நான் விடாமல் கேட்டேன். நிறமா? இல்லை. அலையா? இல்லை, அலை சின்னது. "பார்த்தா விளங்கும்" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. கடைசியில் என் விரிவுரையாளர் ஒரு யோசனை சொன்னார்: கேட்பதை நிறுத்து, பார். அடுத்த இரண்டு கிழமையும் கொப்பியை வீட்டில் விட்டுவிட்டுப் போய், கைத்தொலைபேசியில் அவரை மட்டும் படம் பிடித்தேன். கடலை அல்ல.

ஏழெட்டு விடியல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. முடிவு சொல்வதற்கு முன் ஒவ்வொரு நாளும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கணுக்கால் தண்ணீரில் போய் நிற்கிறார். கண் தூரத்தில் இருக்கிறது. அலை வந்து திரும்பும்போது குதிகாலுக்குக் கீழே இருந்து மண் உருவப்படுகிறது. நல்ல நாட்களில் நாலைந்து அலைக்கு அசையாமல் நிற்பார். வேண்டாம் என்று சொன்ன நாட்களில் இரண்டாவது அலையிலேயே கால் பதிந்து, கொஞ்சம் நகர்ந்து மறுபடி ஊன்றிக்கொள்கிறார். மேலே அலை சின்னதாகத் தெரிந்தாலும் கீழே தண்ணீர் இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்த இழுவையில் வலையை வளைத்தால் மீன் சேரும் மடி ஒரு பக்கம் போய்விடும், கயிறு இழுக்கிறவர்களின் தோள் விட்டுப்போகும்.

படத்தை அவரிடம் காட்டினேன். இரண்டு முறை பார்த்தார்.

"நான் இப்பிடியா நிக்கிறனான்?" என்றார்.

முப்பத்தெட்டாவது விதியை எழுத உட்கார்ந்தேன். இரண்டு அலைக்குள் குதிகால் மண் போனால் வலை போட வேண்டாம். மைசின் பாணியில் அதற்கு ஒரு எண் வேண்டும். இப்படிக் கால் நகர்ந்த நாள் பத்தில், எத்தனை நாள் வலை போடாமல் விடுவது சரியாக இருக்கும் என்று கேட்டேன். தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு யோசித்தார்.

"அதை அண்டண்டைக்கு நிண்டு பார்த்துத்தான் தம்பி சொல்லலாம்."